இரண்டு முறை அமுக்கினால்

அந்திநேர மஃரிபு தொழுது முடித்து, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திக்கொண்டிருந்தபோதுதான் அலமாரிக்குள்ளிருந்து அந்தப் போன் கூவியது. ஓட்டுக்கூரையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. முல்லா வீதிப் பக்கம் தேங்கிய தண்ணீரில் தடுமாறிப் போகும் ஸ்கூட்டர்கள், எதிர்வீட்டு டிவி, அடுப்பில் கொதிக்கும் கஞ்சி என்று எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்திருந்ததில் ஜீனத்துன்னிசா முதலில் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது கூவலில் கை நின்றுவிட்டது.

யாராவது அழைத்தால் வரும் சத்தம் இல்லை அது. அந்தப் போனுக்கு இப்போது யாரும் அழைப்பதும் இல்லை. இறந்துபோன கணவன் ஜாகிரின் போன். தினமும் சார்ஜ் ஏற்றி, சத்தத்தை அணைத்து, புடவைகளுக்கு அடியில் அவளே வைத்திருந்தாள். அணைத்தாலும் அடங்காத சத்தம் ஒன்றே ஒன்று அதில் உண்டு. ஜாகிரின் பர்ஸுக்குள் இருக்கும், தொலைந்ததைத் தேடித் தரும் வில்லையின் பட்டனை யாராவது இரண்டு முறை அமுக்கினால், போன் எங்கே கிடந்தாலும் தாயைத் தொலைத்த கோழிக்குஞ்சு மாதிரி கத்தும்.

அமுக்க யார் இருக்கிறார்கள்? பர்ஸ் கடலோடு போய்விட்டதே.

அலமாரியைத் திறந்து புடவைகளை விலக்கினாள். திரை வெளிச்சமாக இருந்தது. ‘அத்தா பர்ஸ் உங்களைத் தேடுகிறது’ என்றது. அந்தப் பெயரை வைத்தது மகள் அரீபா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் அணைந்தது.

அந்த வில்லையை வாங்கியதே ஒரு கூத்து. ஜாகிருக்கு வலை, நைலான் கயிறு வியாபாரம். கனகசெட்டிக்குளம் வரைக்கும் இருக்கிற குப்பங்களுக்கெல்லாம் ஸ்கூட்டரிலேயே போய் வருவார். யாருக்கு எந்தக் கண் அளவில் வலை வேண்டும் என்பது மனப்பாடம். தன் பர்ஸ் எங்கே என்பது மட்டும் தெரியாது. டீக்கடையில் விடுவார், பெட்ரோல் பங்கில் விடுவார், பள்ளிவாசலில் கைகால் கழுவி ஒளுச் செய்கிற இடத்தில் விட்டுவிட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டுவார். போனும் அப்படித்தான். பொறுக்க முடியாமல் ஜீனத்தான் அவரை நேரு வீதிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் முகிலன் கண்ணாடி மேல் மூன்று வில்லைகளைப் பரப்பினார். ஒன்று அட்டை மாதிரி மெலிசு, பேட்டரி தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். இன்னொன்று, வழியில் போகிறவர் வருகிறவர் போன்களையெல்லாம் பிடித்து, ஊரில் எங்கே கிடந்தாலும் மேப்பில் காட்டிவிடும். மூன்றாவது வட்டமாக, நடுவில் பட்டன் வைத்தது.

“இது மேப்லலாம் காட்டாதுக்கா. பக்கத்துல இருந்தாத்தான் வேலை செய்யும், முப்பது நாப்பது அடி. ஆனா ரெண்டு பக்கமும் தேடும். போன்ல அமுக்கினா பர்ஸ் பாடும். பர்ஸ்ல ரெண்டு வாட்டி அமுக்கினா போன் கத்தும், சைலண்ட்ல இருந்தாலும்.”

“மேப் காட்டுறதையே வாங்கிக்கலாம்,” என்றார் ஜாகிர்.

“எதுக்கு? நீங்க ஊரு பூரா எங்கெங்க சுத்துறீங்கன்னு நான் பார்த்துக்கிட்டு இருக்கவா? ரெண்டுல ஒண்ணு கையில இருந்தா இன்னொண்ணு தானா கெடைக்கும். இதையே குடுங்கண்ணா.”

அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மற்றதை வாங்கியிருந்தால் கடலில் அவரை எங்கே தேடுவது என்றாவது தெரிந்திருக்குமோ என்ற நினைப்பு இன்றைக்கும் அவளைத் தூங்கவிடுவதில்லை. கடலுக்குள் மேப் எங்கே வேலை செய்யும் என்று அறிவு சொல்லும். மனசு கேட்காது.

பர்ஸைக் கண்டுபிடித்துக் கொடுத்ததைவிட, அந்த வில்லை அரீபாவுக்கு விளையாட்டுக் காட்டியதுதான் அதிகம். ஐந்து வயது மகளும் அப்பனும் சேர்ந்து அதற்கென்று ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தார்கள். ஒளிகிறவர் கையில் பர்ஸ் இருக்கும். ஒளிந்ததும் பட்டனை இரண்டு முறை அமுக்க வேண்டும். போன் கத்தினால் ‘நான் ரெடி, தேடு’ என்று அர்த்தம். தேடுகிறவர் போனில் அமுக்குவார், பர்ஸ் பாடும். பாட்டு வருகிற இடத்தைப் பிடித்து ‘ஐஸ்பாய்’ சொல்லிவிட்டால், பர்ஸை வாங்கிக்கொண்டு அடுத்து அவர் ஒளிய வேண்டும். ஜாகிர் ஒரே ஒரு தடவை போனைக் கத்த வைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பார். அரீபாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அத்தா வந்து சேரும்வரை விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்கும் போனை மறந்துவிட்டுத்தான் கிளம்பினார். புது வலையைத் தண்ணீரில் போட்டுக் காட்டுகிறேன் என்று கனகசெட்டிக்குளத்தில் படகேறினவர், வலை காலில் சுற்றிக் கடலில் விழுந்தார். உடம்பு மறுநாள் கரை சேர்ந்தது. பையெல்லாம் மணல். பர்ஸ் இல்லை.

இந்த வீட்டுக் கொல்லையில்தான் குளிப்பாட்டினார்கள். மையத்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டிய தண்ணீர் தெருவில் ஓடக் கூடாது, யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பலகைக்குப் பக்கத்திலேயே ஆழமாக ஒரு குழி வெட்டி, தண்ணீர் முழுவதையும் அதில் விட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். எத்தனை குடம் நல்ல தண்ணீர் ஊற்றியும் அதில் கடல் வாடை போகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த ஜீனத்துக்கு அந்த வாடை நன்றாக நினைவிருக்கிறது.

அதிலிருந்து அவள், கணவனை இழந்தவர்கள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள். காலம் முடிகிறவரை வாசல்படி தாண்டுவதில்லை. ஜாகிரின் தங்கை லமீஸ் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்ததால் பொழுது சாய்ந்ததும் துணைக்கு வந்துவிடுவாள்.

இன்றைக்கும் வந்தாள். நனைந்த புர்காவைக் கழற்றி, தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் கத்தியது.

“அண்ணன் போனா அது?”

ஜீனத் தலையாட்டினாள். லமீஸ் துணிச்சல்காரி. கடை நம்பரைத் தேடிப் பிடித்து, முகிலனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“தானாலாம் கத்தாதுக்கா,” என்றார் முகிலன். “பட்டன் அமுங்கினாத்தான் கத்தும்.”

“தண்ணியில ஊறிக் கெட்டுப்போயிருந்தா?”

“அப்பவும் பக்கத்துல இருக்கணும்ல? வீட்டுக்குள்ளதான் எங்கயோ விழுந்து கெடக்கு. எலிகிலி உருட்டுதோ என்னவோ. போன்ல அமுக்குங்க, பாடும். தெரிஞ்சிடும்.”

லமீஸ் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. “பாருங்கண்ணி, பர்ஸையும் மறந்துட்டுத்தான் போயிருக்கு அண்ணன்.”

கடைசியாகக் கிளம்பிய அன்று காலையில் வாசலில் பால்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, பர்ஸைப் பின்பாக்கெட்டில் சொருகி, அதன் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு அவர் ஸ்கூட்டரில் ஏறியதை ஜீனத் நின்று பார்த்திருந்தாள்.

“அமுக்கிப் பார்த்துடலாமா?”

“வேணாம்.”

“ஏண்ணி?”

தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த அரீபா தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அமுக்கணும் மாமி. அத்தா ரெடின்னு சொல்லிட்டாங்க. நாமதான் தேடாம இருக்கோம்.”

கரண்ட் போனது அப்போதுதான். மின்விசிறி சுற்றி ஓயும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு டிவியும் நின்று, மழை மட்டும் பெரிதாகக் கேட்டது. லமீஸ் மெழுகுவத்தி ஏற்றினாள்.

“அண்ணி, எங்க வீட்டுக்குப் போயிடலாம். பயம்னா போகலாம், தப்பில்ல.”

“இருக்கட்டும் லமீஸ்.”

“அப்ப நான் போயி எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வரேன். டார்ச் எடுத்தாரேன். வீட்டை அலசிப் பார்த்துடுவோம். கதவைச் சாத்திக்குங்க.”

போயிருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிஷமே போயிருக்கலாம். இத்தா ஒரு சாக்குதான் என்பது ஜீனத்துக்கே தெரியும். இன்னொரு தடவை அந்தப் போன் கத்துமா என்று அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது. அவர் குரல் இல்லை, காலடி இல்லை, தலையணையில் வாசம்கூடப் போய்விட்டது. அவருடையது என்று மிச்சம் இருந்தது இந்தச் சத்தம் ஒன்றுதான். பயமிருந்தும் அதை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் போனை அணைத்தாள். முழுவதுமாக அணைத்து, புடவைக்கு அடியில் தள்ளி, அலமாரியைச் சாத்தினாள். அரீபா மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரைந்துகொண்டே அதைக் கவனித்தாள். கூரையிலிருந்து நடுக்கூடத்து வாளியில் சொட்டிய தண்ணீரை ஜீனத் எண்ணாமல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலியாகத்தான் இருக்கும். பரணில் இழுத்துப்போட்டிருக்கும். காலையில் தேடினால் ஆகாதா?

கஞ்சி அடிப்பிடிக்கும் வாடை வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். இருட்டில் தடவி அடுப்பை அணைத்தாள். தீய்ந்த வாடை மெல்ல அடங்கியது. அதற்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. உப்பு. அழுகின பாசி. ஈரத்தோடு சுருட்டி வைத்த வலை. கொல்லைக் கதவின் கீழ் இடுக்கு வழியாக அது உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் குப்பங்களுக்குப் போய் வந்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற வாடை. இப்போது அதில் வேர்வை இல்லை. மனுஷ வாடையே இல்லை.

“அரீபா.”

கூடத்துக்கு வந்தாள். வரைந்த தாள் தரையில் கிடந்தது. அலமாரி திறந்திருந்தது. புடவைகள் கீழே சரிந்திருந்தன.

அப்போதுதான் பாட்டு கேட்டது. பர்ஸின் பாட்டு. டிங் டிங் என்று குழந்தைகள் கடிகாரத்தில் வருமே, அந்த மாதிரி. கட்டிலுக்கு அடியிலிருந்தும், கதவுக்குப் பின்னாலிருந்தும் எத்தனையோ மாலை கேட்ட பாட்டு. கொல்லைப் பக்கம் இருந்து வந்தது. தண்ணீருக்குள் பாடுகிற மாதிரி ஒரு கனம் அதில் இருந்தது.

அடுத்து அரீபாவின் சிரிப்பு.

“அத்தா ஐஸ்பாய்.”

ஓடினாள். வாளி தட்டி உருண்டது. முன்னறை வழியாகக் கொல்லைக்குச் சுற்றிப் போகும் நடைக்கதவு திறந்து கிடந்தது. எட்டாத தாழ்ப்பாள். அரீபாவுக்கு எட்டவே எட்டாத தாழ்ப்பாள்.

கொல்லை. மழை. இருட்டு.

துவைகல் மேல் போன் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் எட்டியவரை யாரும் இல்லை. குளியலறையைத் திறந்தாள். யாரும் இல்லை. தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள். தண்ணீர்தான். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. பாட்டு நின்றுவிட்டது. குழி மூடின இடத்தில் மண் ஈரமாக, தட்டையாக, அப்போதுதான் உள்ளங்கையால் தட்டி வழித்த மாதிரி இருந்தது. இத்தனை மழையிலும் ஒரு சொட்டு அதன் மேல் குழி பறிக்கவில்லை.

“அரீபா. வெளயாட்டு போதும்மா. வா.”

போன் கத்தியது.

நின்றது. உடனே மறுபடி கத்தியது. நின்றது. மறுபடி. மறுபடி. விடாமல்.

ஜாகிர் இப்படி அமுக்க மாட்டார். ஒருநாளும் அமுக்கியதில்லை. இது பொறுமை இல்லாத விரல். கண்டுபிடித்தவர்தான் அடுத்து ஒளிய வேண்டும்.

லமீஸும் அவள் வீட்டுக்காரரும் டார்ச்சோடு வந்தார்கள். பின்னாலேயே தெருவும் வந்தது. பரண், கட்டிலடி, தொட்டி, சாக்கடை மூடி என்று ஒன்றையும் விடவில்லை. போன் கத்திக்கொண்டே இருந்தது. முப்பது நாற்பது அடிக்குள் இருந்தால்தானே கத்தும் என்று லமீஸ் அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னாள். ஜீனத் போனைக் கையில் எடுத்தாள். விரல் ஈரத்தில் வழுக்கியது. அமுக்கினாள்.

மண்ணுக்கு அடியிலிருந்து பாட்டு வந்தது.

கொல்லையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். யாரோ மண்வெட்டி கொண்டுவந்தார்கள். ஆண்கள் மாறி மாறி வெட்டினார்கள். இடுப்பளவு வெட்டினார்கள், தோளளவு வெட்டினார்கள். ஊறி வந்த தண்ணீர் கரித்தது. மணலும் கிளிஞ்சலும் வந்தன. இன்னும் ஒரு முழம் கீழே என்றார் ஒருவர். ஒரு முழம் வெட்டினார்கள். பாட்டு அப்போதும் ஒரு முழம் கீழேயே இருந்தது.

பிறகு வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவராகக் குழியைவிட்டு ஏறி, சுவரோரம் போய் நின்றார்கள். ஜீனத் மட்டும் உள்ளே இறங்கி, கரிக்கிற தண்ணீரில் முழங்காலிட்டு, மண்ணில் காதை வைத்தாள். பாட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் போன் மறுபடி கத்தியது. மறுபடி. மறுபடி. அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று.