ஒடியாத கால்

முன்னினைவி நாற்காலியிலிருந்து லிகோரி எழுந்தபோது நாக்கில் பிரேசில் கடலின் உப்பு கரித்தது. தூத்துக்குடிக் கடலைத் தவிர வேறு எந்தக் கடலிலும் அவன் இதுவரை கால் நனைத்ததில்லை.

"பயணம் எப்படி சார் இருந்துச்சு?" என்று நிலையத்துப் பெண் வழக்கமான சிரிப்போடு கேட்டாள்.

முன்னினைவு பார்க்காமல் இப்போதெல்லாம் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை. போகிற இடத்தின் காற்று, கடல், சாப்பாடு எல்லாவற்றையும் போகிறவரின் குணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, நடக்கப்போவதை நடந்து முடிந்த நினைவாகவே மூளையில் பதித்துவிடும் அந்த இயந்திரம். கொஞ்ச நேரத் தூக்கம், அவ்வளவுதான். பிடித்திருந்தால் போகலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இங்கே வந்து பத்து வருடம் குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் பஜ்ஜி சாப்பிடக் கிளம்புகிறார்கள். பயணிகளில் பாதிப் பேர் போகாமலேயே போய்வந்த திருப்தியில் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

லிகோரியும் ரெமிஜியுஸும் வருடக்கணக்காகத் திட்டம் போட்ட பயணம் இது. பட்டச்சறுக்கு என்றால் இருவருக்கும் உயிர். காலில் பலகை, இடுப்பில் பெரிய பட்டத்தின் கயிறு, காற்று இழுக்கிற இழுப்பில் அலைமேல் பறக்க வேண்டியதுதான். பிரேசிலில் எந்த மாதத்துக் காற்று, எந்த ஊர் விடுதி என்று சண்டை போட்டுப் போட்டே முடிவு செய்திருந்தார்கள்.

முன்னினைவில் கடைசி நாளைத் தவிர எல்லாம் சொர்க்கமாகத்தான் இருந்தது. அன்றைக்குக் காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டது. ரெமியின் பட்டம் சரிந்து, அதன் கயிறுகள் லிகோரியின் கயிறுகளில் சிக்கின. லிகோரியின் பட்டம் மட்டும்தான் ரெமியைப் பாறைமேல் போய் மோதாமல் பிடித்து வைத்திருந்தது. ஆனால் லிகோரியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"ஏல லிகோரி, விட்டுராதல!" என்று ரெமி கத்தினான்.

லிகோரி திரும்பி அவன் முகத்தை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, நெஞ்சருகே இருந்த சிவப்பு விடுபிடியை இழுத்தான். பட்டம் கழன்றது, அவன் தப்பினான். ரெமியின் இடது கால் பாறையில் பட்டு முட்டிக்குக் கீழே ஒடிந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் ரெமியின் கட்டிலருகே உட்கார்ந்து, அவன் கையையும் பிடித்துக்கொண்டு, "நான் பாக்கவேயில்ல மக்கா. எல்லாம் காத்து பண்ண வேல" என்று சொன்னான். ரெமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏம்மா, இதெல்லாம் நெசமா?" என்று லிகோரி அந்தப் பெண்ணிடம் கேட்டான்.

"நெசமில்ல சார். போனா இப்படித்தான் நடக்கும்னு ஒரு கணக்கு. போகலன்னா நடக்கவே போறதில்ல."

"அது நடக்காது, சரி. நான் அப்படிப்பட்ட ஆளுதானே?"

"தண்ணி வேணுமா சார்?" என்றாள்.

லிகோரிக்குக் காது மடல்வரை சுட்டது. செய்யாத காரியத்துக்காக ஒரு மனுஷன் இப்படிக் கூசுவானா? ஆனால் கூசியது. தெருவில் எதிரே வந்தவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சேர்ந்து போகிற பயணம் என்பதால் ரெமிக்கும் இதே நினைவு, அவன் பக்கத்திலிருந்து வரும். அவன் முறை நாளைக்கு. அதற்குள் நாமே சொல்லிவிட வேண்டும், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே கடற்கரைக்குப் போனான்.

ரெமி மணலில் உட்கார்ந்து பட்டத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டியால? எப்படி இருக்கு?"

உண்மை வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் ரெமி நிமிர்ந்து பார்த்தான். கடலில் பார்த்த அதே முகம்.

"ஒண்ணும் வெளங்கல மக்கா" என்றான் லிகோரி. "அங்க காத்தே சரியில்ல. சும்மா கரையிலேயே கெடந்தோம். ரத்து பண்ணிருவோம். நீயும் நாளைக்குப் போயி வீணா உக்காராத."

"காத்து சரியில்லையா?"

"ஆமா. எல்லாம் காத்து பண்ண வேல."

ரெமி பட்டத்தைக் கடைசி மடிப்புவரை மடித்து முடித்தான்.

"நாளைக்கு வேல இருக்குன்னு நான் காலையிலேயே போயிப் பாத்துட்டு வந்துட்டேம்ல."

லிகோரி கடல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"நீ விடுபிடிய இழுத்தத நான் தப்பு சொல்லல. உசுருன்னா எல்லாருக்கும் பயந்தான். நானா இருந்தாலும் இழுத்திருப்பேன்" என்றான் ரெமி. "ஆனா ஆஸ்பத்திரில வந்து பாக்கவேயில்லன்னு சொன்ன பாரு, அதுல மட்டும் மெசினு கணக்கு தப்பிருச்சுன்னு நெனச்சேன். லிகோரி வந்து உள்ளதச் சொல்லுவான்னு அப்பத்துலேருந்து இங்கயே உக்காந்திருக்கேன்."

லிகோரி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். எதற்கென்று கேட்பது? பிரேசிலில் நடக்காததற்கா, இப்போது இங்கே நடந்ததற்கா?

ரெமி பட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தான். மணலில் அவன் இடது கால் இழுத்து இழுத்து வந்தது. முட்டிக்குக் கீழே வலிப்பதுபோல அங்கங்கே நின்று நின்று போனான். ஒடியவே ஒடியாத கால். லிகோரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரெமி சட்டென்று திரும்பினான். "என்னல பாக்க?"

"ஒண்ணுமில்ல மக்கா" என்றான் லிகோரி. "நான் பாக்கவேயில்ல."