தொட்டித் தண்ணீர் கலங்கியபோது

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?"

வண்ணமீன் கடைக்குள் புயலாக நுழைந்தவள், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவனின் முகத்துக்கு நேரே பாட்டிலை நீட்டினாள். உள்ளே தண்ணீர், அரிசி கழுவியது போல வெளுத்துக் கலங்கியிருந்தது.

"நோய் புடிச்ச மீனை எங்கப்பா தலையில கட்டிட்டீங்க! தொட்டித் தண்ணியைப் பாருங்க!"

அவன் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தான். மழையில் நனைந்து வந்திருந்தான். இமைகளில் இன்னும் துளிகள்...

"ஃபில்டர் பஞ்சைக் கழுவினீங்களா?"

"நான் தொடவே இல்லை!"

பச்சைப் பொய். மூட்டுவலி வைத்தியத்துக்காக அக்கா வீட்டுக்குப் போயிருக்கும் அப்பா திரும்பும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்று, சோப்புத்தூள் போட்டுப் பஞ்சைக் கசக்கிப் பிழிந்தவள் சாட்சாத் அவளேதான். போனில் அப்பாவிடமும் பழியைக் கடைக்காரர் மேல் போட்டாயிற்று. இனி எப்படிப் பின்வாங்குவது?

உள்ளிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தீனி வாங்க வந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் புடிச்சு இந்தக் காய்ச்சு காய்ச்சறே?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பே கூசிப்போனது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் கொட்டும் மழையில் இறங்கி நடந்துவிட்டாள்.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது. பழுது பார்க்க யார் வந்தது என்கிறீர்கள்? அவனேதான்! கண்டதும் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

"ஏதாவது விழுந்துடுச்சாங்க?"

'என் மானம்தான்...' என்று நினைத்தபடி எழுந்தாள்.

"மீனெல்லாம் எப்படி இருக்கு?"

குரலில் கேலியே இல்லை. அதுதான் அவளை உடைத்தது.

"மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க... நான்தான்... சோப்புத்தூள் போட்டு..."

"தெரியும். பாட்டில்லயே வாசனை வந்துச்சு."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லலை?"

"அத்தனை பேர் நடுவுலயா?" என்றான். "நானும் அப்படித் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவி, ஒரு தொட்டி மீனையும் சாகடிச்சவன்தாங்க. தண்ணியைச் சுத்தமா வெச்சிருக்கிற நல்ல கிருமியும் அந்தப் பஞ்சுலதான் குடியிருக்கு. எனக்கு அப்ப தெரியலை."

விலாசம் கேட்டுக்கொண்டு, மாலையில் அவள் வீட்டுக்கு வாளியோடு வந்தான். அம்மா கதவைத் திறந்தாள். சோப்பில் கழுவிய பஞ்சைத் தூக்கிப் போட்டான். கலங்கிய தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, குளோரின் போக அவள் முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை மெல்ல ஊற்றினான். தன் தொட்டியில் ஊறிய அழுக்குப் பஞ்சை ஃபில்டருக்குள் வைத்தான்.

"ரெண்டு நாளைக்குத் தீனி போடாதீங்க. தெளிய கொஞ்ச நாளாகும்."

வாசலில் ஆட்டோ நின்றது. சொன்ன நாளுக்கு முன்னாலேயே அப்பா!

"அந்தக் கடை ஆள்தானே நீ? ஊரை ஏமாத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாமாய்யா?"

அவன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க சார்" என்றான்.

மறுபடியும் அவளுக்காக... அவள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இல்லப்பா! பஞ்சை சோப்பு போட்டுக் கழுவினது நான். கடைக்காரர் மேல பழி போட்டதும் நான். இவர் உதவிக்கு வந்தவர்ப்பா..."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா பையைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேக்கறே," என்றார். "நானும் வரேன். உக்காருங்க தம்பி. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

அவன் கிளம்பும்போது வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாசல்வரை வந்தாள்.

"அப்பா திட்டினப்போ ஏன் உண்மையைச் சொல்லலை?"

"நேத்து தலை குனிஞ்சிட்டே மழையில போனீங்களே... அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லைங்க."

அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"தண்ணி தெளியற வரைக்கும்... தினம் வந்து பார்ப்பீங்களா?"

"வரேன். தெளிஞ்சதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் வாங்க..."

"மீனைப் பார்க்கவா?"

அதுவரை தரையையே பார்த்திருந்த அவள் கண்கள் மெல்ல நிமிர்ந்தன.

"என்னைப் பார்க்க."