சாம்பல் தீர்ந்த ஆண்டு

நெய்தல்நகர் மக்கள் காலையில் காப்பி குடித்தபடி அண்ணாந்து பார்ப்பார்கள். தலைக்கு மேலே கப்பல்கள் போகும். கடல் அவர்களுடைய கூரைகளைவிட உயரத்தில் இருந்தது. நடுவே ஒரு சுவர். ஆண்டுதோறும் மழைக்கு முன்பு அதை உயர்த்துவார்கள்.

சுவரில் ஒரு பிடி சிமெண்ட்கூடக் கிடையாது. சிமெண்டுச் சூளைகள் கக்கிய கரிவாயுவும் சேர்ந்துதான் கடலை ஏற்றியது என்று உலகம் சிமெண்டைத் தடைசெய்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பதிலுக்கு, பழைய அனல்மின் நிலையம் ஏரி ஏரியாகக் கொட்டிவிட்டுப் போன சாம்பலை நண்டுப்பொறிகள் என்ற இயந்திரங்கள் தோண்டி எடுத்தன. அதைக் காரக்கரைசலில் குழைத்து 'சாம்பற்கல்' வார்த்தார்கள். முன்னோரின் குப்பை ஊரைக் காத்தது.

அந்த ஆண்டு நண்டுப்பொறிகள் களிமண்ணோடு திரும்பி வந்தன. அவற்றின் மேற்பார்வையாளர் ராயன், கலவைப் பொறியாளர் குயிலியிடம் வந்து நின்றார்.

"ஏரி காலி மேடம்."

"பக்கத்து ஊர்ல?"

"அவங்களும் சுரண்டிட்டாங்க. எங்க வீட்டை ஒரு நடை வந்து பாருங்க."

ராயனின் வீடு சுவரின் அடிவாரத்தில் இருந்தது. சமையலறையில் உப்பு பூத்திருந்தது. ராயனின் மனைவி செலின் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"அந்தாண்ட அலை அடிச்சா இங்க பாத்திரம் அதிருது மேடம்" என்றாள். குறை சொல்லும் குரலாக இல்லை. அதுதான் குயிலியை என்னவோ செய்தது.

அடிவாரத்துத் தெருக்களை மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று அவள் நகர ஆணையர் பரிதியிடம் மன்றாடினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேட்டுல இருக்கறவங்க இடம் குடுப்பாங்களா? நீங்களும் மேட்டுலதானே இருக்கீங்க?"

பரிதியே தொடர்ந்தார்.

"பழைய அனல்மின் நிலையத்தைத் திரும்பப் பத்தவைக்கப் போறோம். நிலக்கரிக் கப்பல் கிளம்பியாச்சு."

"சூரிய மின்சாரமே நமக்கு மிச்சமாத்தானே சார் இருக்கு?"

"மின்சாரம் யாருக்கும்மா வேணும்? சாம்பல் வேணும்."

"கரி எரிச்சா கடல் இன்னும் ஏறும் சார்."

"அதுக்குத்தானே சுவர்" என்றார் பரிதி. அவர் கிண்டல் செய்யவில்லை; உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

கலவைக்குப் பொறியாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. செலினின் கட்டிலுக்கு அடியில் இருந்த செங்கற்களை குயிலி நினைத்தாள். தன் தெருவில் வீடு வீடாகப் போய் இடம் கேட்பதையும் நினைத்துப் பார்த்தாள். முன்னது வேதனையாக இருந்தது. பின்னது முடியாத காரியமாக இருந்தது. ஒப்புதல் திரையில் விரலை வைத்தாள்.

புகை எழுந்தது. யாருக்கும் வேண்டாத வெப்பத்தைக் கடலில் விட்டார்கள். சாம்பல் சூடு ஆறும் முன்பே கலவைக்குப் போனது. மழைக்கு முன்பே சுவர் உயர்ந்துவிட்டது. சிமெண்ட் கலக்காத பசுமைச் சுவர் என்று நகரத்துக்கு விருதும் கிடைத்தது.

விழா முடிந்து திரும்பும்போது ராயன் கேட்டார்: "அடுத்த வருஷம் இதைவிட உசத்தணுமோ மேடம்?"

"ஆமா. நெறைய உசத்தணும்."

"சாம்பல் பத்துமா?"

"பத்தும்" என்றாள் குயிலி. "இனிமே அதுக்கு மட்டும் பஞ்சமே வராது."

ராயன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.