இலக்கு நலம்!

“அக்கா, அந்தப் புது ஏவுகணையை எங்க கப்பல்லதான் ஏத்தப் போறாங்களாம்!”

“பயமாடா?”

“எனக்கென்ன பயம்? சரிபாத்துக் கையெழுத்துப் போடப் போறது நீதானே! சின்ன வயசுல என் கணக்கு நோட்டையே விடாதவ...”

போன வாரம், கடற்படையில் இருக்கும் தம்பி போனில் சிரித்துக்கொண்டே சொன்னது. இப்போது ஆயுதச் சோதனைக் கண்காணிப்பு அலுவலகத்தில், அதே ஏவுகணையின் அறிக்கையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரிங்... டிரிங்...!

“என்னம்மா, கையெழுத்தாச்சா?” சோதனைத் தளத்தின் இயக்குநர். “பதினோரு மணிக்கு எம்.பி.க்கள் குழு கூடுது!”

“சார், மூணு சோதனையிலயும் ‘இலக்கு எட்டப்பட்டது’ன்னு எழுதியிருக்கீங்க. ஆனா படத்துல...”

“படம் பாக்கிறதுக்கு தியேட்டர் இருக்கும்மா! கையெழுத்து இல்லேன்னா, நாளைக்கு அந்த நாற்காலியில வேற ஆள் உட்காருவாங்க. வசதி எப்படி?”

அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

போட்டாள்!

பதினோரு மணி. குழு அறை.

இயக்குநர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி பூரிப்பாக நின்றார்.

“மூணு சோதனை. மூணும் அமோகம்! கண்காணிப்பு அதிகாரியே கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

குழுத் தலைவி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

“போட்டிருக்காங்க... மேலே கையால ஒரு வரியும் எழுதியிருக்காங்களே!”

இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது.

தலைவி சத்தமாகப் படித்தார். “மூன்று சோதனைக்குப் பிறகும் இலக்கு நலம். குடும்பத்துடன் வசிக்கிறது.”

“குடும்பமா!”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து, மூன்று புகைப்படங்களை மேஜையில் பரப்பினாள். நடுக்கடலில் நங்கூரமிட்ட ஒரு பழைய படகு. அதுதான் இலக்கு. அதன் கம்பத்து உச்சியில் கடற்பறவைக் கூடு ஒன்று.

“சோதனை முடிஞ்சப்புறம் இவங்களே எடுத்த படங்க, மேடம். முதல் சோதனை முடிஞ்சு... அம்மா அடைகாக்குது. ரெண்டாவது முடிஞ்சு... குஞ்சுங்க வாயைப் பொளந்துட்டு நிக்குது. மூணாவது முடிஞ்சு... மூத்தது பறக்கப் பழகுது! ஏவுகணை அந்த வீட்டை விருந்தாளியாக்கூட எட்டிப் பாக்கல.”

குபீரென்று சிரிப்பு!

இயக்குநர் வியர்வையைத் துடைத்தார்.

“மேடம், ‘இலக்கை அடிச்சோம்’னு நாங்க எங்கேயும் எழுதலையே! ‘எட்டப்பட்டது’ன்னுதான் எழுதினோம். மூணு தடவை ஏவணும்கிறதுதான் எங்க இலக்கு... ஏவிட்டோம்!”

சிரிப்பு செத்துப்போனது.

“அந்தக் கப்பல்ல இருக்கிற பசங்க, எதிரிகிட்ட இலக்கணம் பேசியா உயிர் தப்பிப்பாங்க?” தலைவியின் குரல் கத்தியாக இறங்கியது. “ஏவுகணையை ஏத்துறதை இந்த நிமிஷமே நிறுத்துங்க!”

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?” தலைவி அவள் பக்கம் திரும்பினார்.

நாலு வருஷம். அனுமதி கேட்டு எட்டுக் கடிதம். எட்டும் இயக்குநரின் மேஜை இழுப்பறைக்குள் தூங்கின. வாயைத் திறந்து கேட்க இன்றைக்குத்தான் வேளை வந்தது.

“அடுத்த சோதனையை நான் நேர்ல நின்னு பாக்கணும்!”

“ஐயையோ, உயிருக்கு ஆபத்தும்மா!” இயக்குநர் பதறினார். “எங்கே நிப்பீங்க?”

“இலக்குப் பக்கத்துலதான் சார். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?”