புகைக் கடமை

செவ்வாய்க் கிரகத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை தூக்கம் போய்விடும். வண்டி போதுமான அளவு புகை விடுமா, விடாதா என்ற கவலைதான் காரணம்.

புதுச் சங்ககிரிக் குடியிருப்பின் சோதனைக் களத்தில் அன்று காலை வண்டிகள் வரிசையாக நின்றன. புகை அளவர் குணபாலன் ஒவ்வொரு வண்டியின் புகைக்குழாயிலும் கண்ணாடிக் குழல் ஒன்றைச் செருகி, எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டு உற்றுப் பார்த்தார். குழல் கறுத்தால் முத்திரை கிடைக்கும். சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் அவர் உதட்டைப் பிதுக்குவார். அப்படிப்பட்ட வண்டி, ஒழுங்காகப் புகை விடக் கற்றுக்கொள்ளும் வரை களத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

தாதி பாவாயியின் வண்டி முறுக்கிய முறுக்கில் குழல் மட்டுமல்ல, குணபாலனின் கவச உடையே கறுத்துவிட்டது. அவர் மகிழ்ந்துபோனார். ஊரில் எல்லோரும் இந்த அம்மாவைப் போலப் பொறுப்போடு இருந்தால் நம் பேரப்பிள்ளைகள் கவசம் இல்லாமலே வெளியில் விளையாடுவார்கள் என்று, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. செவ்வாயை வெப்பமாக்கினால்தான் மனிதன் அங்கே நிலையாக வாழ முடியும். அதற்கு மலிவான வழி, துருவத்தில் கிடக்கும் வெள்ளைப் பனியின் மேல் கரியைப் படிய விடுவது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கரி படிந்த பனி உறிஞ்சி உருகும். ஆகவே வெப்பமூட்டுத் துறை ஒரு சட்டம் போட்டிருந்தது. குடியிருப்பின் ஆலையில் வடிக்கும் செயற்கை டீசலை ஊற்றி, தொட்டியில் சுமந்து செல்லும் உயிர்வளியில் எரித்து ஓடும் எல்லா மேட்டு வண்டிகளிலும் 'கரித்தூவி' என்ற கருவி கட்டாயம். டீசலில் கால் பங்கைப் பிடுங்கிப் புகைக்குழாயில் அரைகுறையாக எரித்துக் கரும்புகையாகத் துப்புவது அதன் வேலை. எவ்வளவு பிடுங்க வேண்டும், எப்போது துப்ப வேண்டும் என்பதையெல்லாம் எஞ்சினோடு இருக்கும் 'பொறிமூளை' என்ற கணினி முடிவு செய்தது. காற்று அந்தக் கரியைத் துருவத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்குப் பெயர் புகைக் கடமை.

முத்திரையை வாங்கிக்கொண்டு பாவாயி திரும்பும்போதே வண்டியில் அழைப்பு வந்தது. கரட்டு மேட்டுக்கு அப்பால், பனிக்கட்டி வெட்டும் வெள்ளைப்பள்ளத்தில், வஞ்சி என்ற பெண்ணுக்கு நாள் வருமுன்பே வலி எடுத்துவிட்டது. அந்த வட்டாரத்துப் பிரசவம் எல்லாம் பாவாயியின் பொறுப்பு. அவள் அப்படியே வண்டியைத் திருப்பினாள்.

சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. கரட்டு மேட்டில் கால் வைத்ததும் மூச்சு வாங்கியது. பொடிமண்ணில் சக்கரம் புதைய, முதல் கியரில் உறுமிக்கொண்டே இரண்டடி ஏறி ஓரடி சறுக்கியது. பின்னால் மட்டும் கரும்புகை கொடி கட்டிப் பறந்தது. இழுவைக்குத் தேவையான டீசல் எல்லாம் கண்ணெதிரே புகையாய்ப் போவதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தபடி பாவாயி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன செய்ய?

அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. துளைப்பொறி ஓட்டும் முத்துராசு, வஞ்சியின் கணவன், எண்ணெய்க் கறை போகாத கைகளில் குழந்தையை ஏந்திக்கொண்டு விழித்துக்கொண்டு நின்றான். வஞ்சிக்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டு, அடிவயிற்றை அழுத்திப் பிசைந்து, ரத்தம் நிற்பதற்குள் பாவாயிக்குத் தன் உயிரே போய்த் திரும்பியது. வஞ்சி கண் திறந்து தண்ணீர் கேட்டபோதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

முத்துராசு அவளைத் திட்டவில்லை. தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "வண்டி நொம்ப மெதுவாத்தான் போகுமாட்ட இருக்குதுங்க்கா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பாவாயி சென்னியப்பனின் பட்டறைக்குப் போனாள். குடியிருப்பின் கடைசிச் சுரங்கத்தில் இருந்தது அது. சென்னியப்பன் கை ஓயாமல் வேலை பார்ப்பவன், வாய் அதைவிட ஓயாது. மேட்டில் வண்டி திணறுவதை அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டிக்கு அடியில் புகுந்து, வெளியே வந்து, பொறிமூளையில் ஒரு கம்பியை மாட்டித் திரையைக் காட்டினான். மேடும் பள்ளமுமாக ஒரு கோட்டுப் படம் தெரிந்தது.

இதுதான் 'எரிவரை' என்று விளக்கினான். எஞ்சின் எந்த வேகத்தில் சுழலும்போது எவ்வளவு டீசலைச் சாப்பிட வேண்டும், எவ்வளவைப் புகைக்குத் தானம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்தப் படத்தில் எழுதியிருக்கிறது. படத்தை மாற்றி வரைந்துவிட்டால் தானம் நின்றுவிடும். டீசல் முழுவதும் இழுவைக்கே போகும்.

"வண்டியில பலமெல்லாம் இருக்குதுங்க்கா. மூளைதான் உடமாட்டேங்குது."

சோதனையில் மாட்டிக்கொள்ள மாட்டோமா என்று பாவாயி கேட்டாள். அதற்கும் அவனிடம் வழி இருந்தது. வண்டி நின்ற இடத்தில் நிற்க, ஸ்டியரிங் அசையாமல் இருக்க, எஞ்சின் மட்டும் முறுக்கப்பட்டால் அது சோதனைக் களம் என்று பொறிமூளை புரிந்துகொள்ளும். உடனே பழைய எரிவரைக்குத் தாவி, புகையைக் குபுக்கென்று கக்கும். சக்கரம் உருள ஆரம்பித்ததும் புதியதற்குத் திரும்பிவிடும்.

பாவாயிக்கு மனம் ஒப்பவில்லை. பேரப்பிள்ளைகள் கவசம் இல்லாமல் விளையாடுவதைப் பற்றிக் குணபாலன் சொன்னது காதில் கேட்டது. வஞ்சியின் வெளுத்த முகமும் கண்ணில் நின்றது.

"தப்பில்லையா சென்னீப்பா?"

"தப்புத்தானுங்க. ஆனா இத்தாம் பெரிய கிரகம் உங்க ஒரு வண்டியவா எதிர்பார்த்துக்கிட்டு இருக்குது?"

வேறு யாருக்காவது இப்படிச் செய்து கொடுத்திருக்கிறானா என்று கேட்டதற்கு, அவசரத்துக்குப் போகிற வண்டி என்பதால் அவளுக்காக மட்டும் செய்வதாகக் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

அடுத்த முறை கரட்டு மேட்டில் ஏறியபோது பாவாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் கால் வைத்ததுதான் தெரியும், வண்டி மூன்றாம் கியரிலேயே மேட்டை விழுங்கிக்கொண்டு மேலே போய் நின்றது. பின்னால் ஒரு நூல் புகை இல்லை. சிவந்த பள்ளத்தாக்கு முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை காலம் அந்தப் பக்கம் இவ்வளவு அழகு என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அதன் பிறகு வெள்ளைப்பள்ளத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் அவள் கைகளில்தான் பிறந்தன. சோதனைக் களத்திலும் அவள் வண்டி வழக்கம்போலக் கறுப்பாகக் கக்கிப் பாராட்டு வாங்கியது.

குளிர்காலம் வந்தது. வழக்கத்தைவிடக் கொடுமையாக வந்தது. பனிக்கிணறுகளின் குழாய்கள் உறைந்து வெடித்தன. பசுங்குடிலில் தக்காளி கருகியது. குழந்தைகளுக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு, பாவாயிக்கு வீட்டுக்கு வீடு வேலை வந்தது. ஒவ்வொரு குழந்தையின் முதுகைத் தட்டும்போதும் அவளுக்குத் தன் வண்டியின் நினைவு வந்து உறுத்தியது.

பொதுக் கூடம் நிரம்ப ஊர்க்கூட்டம் கூடியது. வானிலை ஆய்வாளர் முனைவர் நப்பின்னை, மேலிருந்து எடுத்த துருவத்தின் படத்தைத் திரையில் காட்டினார். சோதனைக் கணக்குப்படி ஊரில் ஒரு வண்டி மிச்சமில்லாமல் எல்லாம் அருமையாகப் புகை விடுகின்றன. அப்படியானால் துருவம் இந்நேரம் அடுப்படிச் சுவர் மாதிரி இருக்க வேண்டும். படத்தில் அது சலவை வேட்டி மாதிரி இருந்தது. கரி எங்கே போகிறது என்று தனக்கு விளங்கவில்லை என்றார் நப்பின்னை.

கூட்டத்தில் பலருக்கு விளங்கியது. காற்று திசை மாறிவிட்டது என்றார் ஒருவர். படம் எடுத்த கருவி பழசு என்றார் இன்னொருவர். கரியின் தரம் சரியில்லை, ஆலைக்காரர்களைக் கேளுங்கள் என்று மூன்றாமவர் மேசையைத் தட்டினார்.

பாவாயியால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"என்ற வண்டி புகை விடறதில்லீங்க. எரிவரைய மாத்தியிருக்கறேன். சோதனையில மட்டுந்தான் விடும்."

பலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் கூரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் சென்னியப்பன் தன் காலணியின் பட்டையைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். பிறகு ஒரு குரல் எழுந்தது, அதைத் தொடர்ந்து பத்துக் குரல்கள். எங்கள் பிள்ளைகள் இருமிச் சாவது உன்னால்தானா என்று ஒருத்தி அழுதாள். தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாகக் குணபாலன் சொன்னார். முத்துராசு மட்டும் எழுந்து, அந்த அம்மா இல்லாவிட்டால் தன் மனைவி இல்லை என்று ஏதோ சொல்லப் பார்த்தான். அவனை உட்கார வைத்துவிட்டார்கள். பாவாயியின் வண்டிக்கு உடனே பழைய எரிவரையைப் போட வேண்டும் என்று முடிவாயிற்று. துருவம் வெளுத்ததற்கு ஒரே ஒரு வண்டிதான் காரணம் என்பதை அத்தனை வண்டிக்காரர்களும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. கூடத்தின் பெரிய கண்ணாடிச் சுவரோரம் பாவாயி தனியாக நின்றாள். நப்பின்னை பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருப்பார் போல. ஆனால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வண்டிகள் மேட்டுச் சாலையில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் மூன்றாம் கியரில், துள்ளலாக. ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. அத்தனை வண்டிகளுக்குப் பின்னாலும் மாலை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. முன்னால் போனது குணபாலனின் வண்டி.

"இத்தனை பேருமா?" என்றார் நப்பின்னை.

"நான் ஒருத்திதான்னு இந்த அஞ்சாறு மாசமா தூக்கமில்லாம கெடந்தனுங்க."

பாவாயிக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு என்ன ஆயிற்றோ, சிரிப்பு வந்தது. நப்பின்னைக்குச் சிரிப்பு வரவில்லை. பூமியில் இதற்கு நேர்மாறாகப் புகை விடாதே என்று சட்டம் போட்டார்கள் என்றும், அங்கும் எல்லா வண்டிகளும் சோதனையில் தேறின என்றும், கிரகம் மட்டும் வெந்துபோனது என்றும், அதனால்தான் தாங்கள் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தோம் என்றும் பெருமூச்சோடு சொன்னார்.

பாவாயி கொஞ்சம் யோசித்தாள். பிள்ளை பெற்ற பெண்களோடு அவள் பழகிய பழக்கம் இருபது ஆண்டு. படுத்து ஓய்வெடு என்று சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கே வீட்டைக் கழுவிவிடுவார்கள். கொஞ்சம் எழுந்து நட என்று சொல்லிவிட்டு வந்தால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

"அந்தப் பூமிச் சட்டத்தையே இங்கயும் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

நப்பின்னை அவளைத் திரும்பிப் பார்த்தார். வேடிக்கைப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தார். அவர்கள் இருவரும் கூடத்தை விட்டு வெளியே வர வெகுநேரமாயிற்று.

அடுத்த மாதம் வெப்பமூட்டுத் துறை புதுச் சட்டத்தை அறிவித்தது. கரிப்புகையால் நுரையீரல் கெடுகிறதாம். ஆகவே புகைக் கடமை நீக்கப்படுகிறது. இனி எந்த வண்டியும் புகை விடக்கூடாது. கரித்தூவியைக் கழற்றிவிட்டு, புகைக்குழாயில் கரிவடிகட்டி பொருத்த வேண்டும். மீறினால் வண்டி பறிமுதல்.

ஊரே கொதித்தது. வடிகட்டி குழாயை அடைத்துக்கொள்ள, எஞ்சின்கள் தொண்டையில் துணியைத் திணித்தாற்போல் முனகின. கரட்டு மேட்டில் வண்டிகள் பழையபடி மண்ணில் புதைந்தன. நேர்மையாகப் புகை விட்டுக்கொண்டிருந்த எங்கள் உரிமையைப் பறிக்கிறார்கள் என்று சிலர் கொடி பிடித்தார்கள்.

பாவாயியின் வண்டியும் புதைந்தது. வெள்ளைப்பள்ளத்தில் மூன்று பேருக்கு அந்த மாதம் நாள் நெருங்கியிருந்தது. அவள் பட்டறைக்குப் போனாள்.

சுரங்கத்தின் வாசல் வரை வரிசை நின்றது. வடிகட்டியின் வயிற்றைக் குடைந்து எடுத்துவிட்டு, எரிவரையை ஏற்றி வரைந்து, எஞ்சினுக்குள் டீசலை அள்ளி ஊற்ற வைப்பதில் சென்னியப்பன் இரண்டு நாளில் தேர்ந்துவிட்டான். இழுவை முன்பைவிட இரண்டு மடங்கு. எரியாமல் மிஞ்சுவது மட்டும் கன்னங்கரேலென்று வெளியே வரும். சோதனைக் களத்தில் மட்டும் வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி மூச்சு விடும்.

பாவாயிக்கு முன்னால் குணபாலன் நின்றார். அவளைக் கண்டதும் எதிர்ச்சுவரில் எதையோ படிக்க ஆரம்பித்தார். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றதும் திரும்பினாள். முனைவர் நப்பின்னை.

"ஆய்வு நிலையம் கூட மேட்டு மேலதான் இருக்கு" என்றார் நப்பின்னை.

பாவாயி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

அவள் முறை வந்தபோது சென்னியப்பன், புகை கொஞ்சம் அதிகமாகத்தான் வரும், பரவாயில்லையா என்று தணிந்த குரலில் கேட்டான். அவள் பரவாயில்லை என்றாள்.

அந்த ஆண்டின் கடைசிச் சோதனையில் புதுச் சங்ககிரியின் ஒரு வண்டியிலும் புகை இல்லை. குணபாலனின் கண்ணாடிக் குழல் மாலை வரை பளபளவென்றே இருந்தது. சூரியக் குடும்பத்திலேயே முதல் புகையற்ற குடியிருப்பு என்று பூமியிலிருந்து விருது வந்தது. அதை வாங்க ஊரே செவ்வாயின் தலைநகருக்குக் கிளம்பியது. வண்டிகள் வரிசையாக மேடேறின. அந்த வாரம்தான் துருவத்தின் கறுத்த பனி உருகி, முதல் ஓடை ஓடத் தொடங்கியது.