பாதி ரேகை

சும்மா சொல்லக் கூடாது, அருணாதேவி வேலையில் கெட்டிக்காரி. வேங்கிக்காலில் இருந்த அந்தக் கல் பாலிஷ் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து கணக்கு முழுக்க அவள் கையில்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம். மொத்தம் சரியாக இருந்தால் போதும், உள்ளே ஒரு வரியையும் பார்க்க மாட்டாள்.

2005-ஆம் வருஷம், வைகாசி பௌர்ணமி. கம்பெனிக்கு லீவு. காலை பத்து மணிக்கு அவள் மட்டும் வந்து, ஆபீசாக மாற்றியிருந்த பழைய ஓட்டு வீட்டின் பூட்டைத் திறந்தாள். வெளியே கிரிவலத்துக்கு வந்த பஸ்களின் ஹாரன் ஓயவில்லை. மறுநாள் ஆடிட்டர் வருகிறார். மொத்தத்தைக் காட்டி ஏமாற்றாதே, நாற்பத்து மூன்று பேர் சம்பளத்தையும் பேங்க் ஸ்டேட்மெண்டோடு வரி வரியாக ஒப்பிட்டு டிக் போட்டு வை என்று சொல்லியிருந்தார்.

ஜனவரியிலிருந்துதான் சம்பளம் பேங்கில் ஏறுகிறது. அவள் சாஃப்ட்வேரில் பெயர், கணக்கு நம்பர், தொகை என்று அடித்து லிஸ்ட் அனுப்புவாள். பேங்கில் நம்பரைப் பார்த்துப் பணம் போடுவார்கள். பெயரை யார் பார்க்கிறார்கள்?

பதினேழாவது வரியில் அவள் ஸ்கேல் நின்றது.

சடையன். கல் அறுக்கும் மெஷினில் இருந்தவர். அவருடைய பாஸ்புக் நகலில் நம்பர் 17 என்று முடிந்தது. பேங்க் பணம் போட்டது 71 என்று முடிகிற கணக்குக்கு. அப்படி அடித்து அனுப்பியது அவளேதான். மூன்று மாதச் சம்பளம் முகம் தெரியாத யாரோ ஒருவன் கணக்கில் விழுந்திருந்தது.

தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் சடையன் கேட்டார். மூன்று மாதமும் இதே மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மெஷின் கட்டைவிரலில் மேல் பாதியைத் தின்றுவிட்ட கையால் பாஸ்புக்கை நீட்டி, கல் தூசி அடைத்த நெஞ்சோடு இருமிக்கொண்டே கேட்டார்.

"மேடம், இந்த மாசமும் ஏறல. மாத்திரை வாங்கணும்."

"மொத்தம் சரியா இருக்குது. பேங்க்ல போய் கேளுங்க."

"அவங்க இங்க கேக்கச் சொல்றாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? மொதலாளிகிட்ட போறதுன்னா போங்க. அவரும் என்னத்தான் கேப்பாரு."

நாலாவது மாதம் பிறந்ததும் இந்த ஆபீஸ் வாசற்படியில் உட்கார்ந்து இருமியவர், எழுந்திருக்கவே இல்லை. சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. அது ஆகி நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது.

போன் அடித்தது. முதலாளி பரசுராமன்.

"இன்னாம்மா அருணா, ஒவ்வொரு வரியும் பாத்துட்டியா?"

உண்மையைச் சொன்னால் சடையன் பெண்டாட்டி உண்ணாமலைக்கு அந்தச் சம்பளமாவது போய்ச் சேரும். ஆனால் அருணாதேவிக்கு வேலை போகும். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பாவி, ரொம்ப நேரம்கூட யோசிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பதினேழாவது வரிக்கு நேரே டிக் போட்டாள்.

"பாத்துட்டேங்க. எல்லாம் சரியா இருக்குது."

போனை வைத்தபோது ரோட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒரு ஹாரன் இல்லை. ஒரு மனுஷக் குரல் இல்லை.

ஈரக் கல்லின் வாடை வந்தது. தண்ணீர் விட்டுக் கல்லை அறுக்கும்போது வருமே, அந்த வாடை. மெஷின் ஷெட்டோ பூட்டிக் கிடந்தது.

வாசற்படியில் யாரோ இருமினார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இருமல் படி ஏறி உள்ளே வந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

பின்கழுத்தில் பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்தது.

"மொத்தம் சரியா இருக்குதா மேடம்?"

வீறிட்டு எழுந்தாள். யாரும் இல்லை. ஹாரன்கள் மறுபடி கேட்டன. அவள் டிக் போட்ட இடத்தில் மட்டும் வெள்ளைச் சேற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. மேல் பாதி இல்லை.

அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். வரவில்லையே! அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு பிரிண்ட் எடுத்து எல்லா வரிக்கும் டிக் போட்டாள். ஆடிட்டர் மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சம்பளம் அவள் கணக்கில் ஏறவில்லை. பேங்குக்கு ஓடினாள். கவுண்டரில் இருந்த ஆதிலட்சுமி லிஸ்டை எடுத்து நீட்டினாள்.

"நீங்க குடுத்த நம்பருக்குத்தான் போட்டோம். மொத்தம் சரியா இருக்குது பாருங்க. காலைலயே வந்து எடுத்துட்டாங்களே?"

அருணாதேவி பெயருக்கு நேரே சடையனின் நம்பர் இருந்தது. 17 என்று முடிகிற அசல் நம்பர். பணம் எடுத்த சீட்டில் கைநாட்டு. அதிலும் மேல் பாதி இல்லை. சீட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

அடுத்த மாதம் நம்பரைத் திருத்தி, நாலு தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள். அதுவும் அங்கேதான் போனது. மூன்றாவது மாதமும் போனதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று பரசுராமன் முன்னால் போய் நின்றாள்.

வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள். வெள்ளைத் தூசி. கல் அறுக்கும் ஷெட்டில் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று பரசுராமன் தண்ணீரை நகர்த்தி வைத்தார். "ஒண்ணாந்தேதி சம்பளம் ஏறினதும் நல்ல டாக்டரா போய் பாரு."

ஒண்ணாம் தேதி பிறந்தால் நாலாவது மாதம்.

இருமிக்கொண்டே வெளியே வந்தாள். காலையில் கூட்டிப் பெருக்கிய வாசற்படியில் வெள்ளைத் தூசி படிந்து கிடந்தது. அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்த தடம் இருந்தது. பக்கத்தில், இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு, யாரோ கையால் துடைத்து இடம் விட்டிருந்தார்கள்.