தலைமன்னாரில் மாற்றிய வெற்றிலை

சின்னம்மை உள்ளே வந்த பிறகும் அம்மா வாசலிலிருந்து நகரவில்லை. மகளுக்கு வழிவிட ஒதுங்கியவள், பின்னால் இன்னொருவர் வரவேண்டியிருப்பதுபோலச் சுவரோடு ஒட்டியே நின்றாள். கொஞ்சம் பொறுத்துத்தான் கதவைச் சாத்தினாள்.

"யாரும்மா?"

"யாருமில்ல. நீ கையக் கழுவு."

சாயங்காலம்தான். ஆனாலும் கோத்தகிரிச் சரிவில் பனிமூட்டம் இறங்கி, தேயிலைச் செடிகளையும் எதிர் வரிசை வீடுகளையும் மூடிவிட்டிருந்தது. நாளெல்லாம் கொழுந்து பறித்த விரல்கள் கறுத்து, தோள் கடுத்தாலும் அவள் மனம் லேசாக இருந்தது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் குன்னூர் போகிறாள். நர்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா பரமசிவன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரிகிறது?

அடுப்படியில் அங்கம்மா அத்தை உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் அக்கா. இலங்கையிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

சின்னம்மைக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த இவர்களுக்கு இந்தியா போக உத்தரவு வந்தது. அத்தை குடும்பத்துக்கு வரவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் அக்காவும் தம்பியும் அழுதுகொண்டே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். இவர் மகள் அவள் மகன் வடிவேலுக்கு என்று பேச்சு. சின்னம்மையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டி படுக்கையைக் கேட்டுவிட்டா கப்பலில் ஏற்றுகிறார்கள்?

போன மழைக்கு அங்கே மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தின் மேல் விழுந்தது. வடிவேல் மண்ணுக்குள் போனான். உடலைக்கூட எடுக்க முடியவில்லை. சேதி வந்த அன்று சின்னம்மை விழுந்து விழுந்து அழுதாள்; கொய்யா மரம் ஏறக் கற்றுக்கொடுத்த பையன் அவன். அந்த அழுகைக்கு அடியில் துளி நிம்மதியும் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

"இந்தச் சீலயக் கட்டிக்க" என்று அம்மா புதுச்சேலையை நீட்டினாள். தலையில் மல்லிகை வைத்தாள். ஊருக்குப் போகிற பிள்ளைக்குச் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சின்னம்மை.

பூவையும் மீறி ஒரு வாடை வந்தது. ஈர மண்ணின் வாடை. தோண்டிய குழிக்குள் குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அது. சிமெண்டுத் தரை காய்ந்துதான் இருந்தது. தகரக்கூரையிலிருந்து பனி சொட்டியது. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே, மேடேறி வந்த ஆள் மூச்சு வாங்குகிற சத்தம். அப்பாவைப் பார்த்தாள். அவர் வாய் மூடியிருந்தது. அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை பாயை விரித்தாள். இருவர் உட்காரும் அளவுக்கு.

"உக்காரு தாயி" என்றார் அப்பா. அவர் அழுதுகொண்டிருந்தார். "நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"அவுகதான் செத்துட்டாகளேப்பா."

அத்தை பதில் சொன்னாள், கோபமே இல்லாமல். "உசுரோட இருக்கிறவன்னா பேசித் தீத்துக்கலாம் புள்ள. செத்தவங்கிட்ட என்னான்னு பேசுறது? தெனமும் வந்து நிக்கிறான். 'எங்கே அவ'ன்னு கேக்குறான். பெத்தவ நான் எத்தன நாளைக்குப் பொய் சொல்லுவேன்?"

"நான் நாளைக்குக் குன்னூர் போகணும் அத்தை."

"போகலாம். கட்டிக்கிட்டுப் போ. அவனும் கூட வருவான்."

சின்னம்மை கதவுக்கு ஓடினாள். அம்மா அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். "என்னைய மன்னிச்சிரு" என்றாள். நகரவில்லை.

அப்பா அவள் தோளில் கை வைத்து அழுத்தினார். ஒடிசலான கை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி நரம்பு தேய்ந்த கை. ஒரு தட்டு தட்டினால் விலகிவிடும். தட்டலாம். தட்டவேண்டும். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் கைக்கு மடங்கிய முழங்கால்கள், அவளைக் கேட்காமலே மடங்கின. பாயில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, குரல் வரவில்லை.

பாயின் மறுபாதி மெல்ல அழுந்தியது.

குளிர். வலப்பக்கம் முழுக்கக் குளிர்.

அத்தை எதிரே நின்று மஞ்சள் கயிற்றை நீட்டினாள். கயிறு அவள் கையை விட்டுப் போனது. கீழே விழவில்லை.

அப்பா எதிரே நின்றார். அம்மா கதவோரம். அத்தை எதிரே. மூன்று பேரும் கண்முன்னால்தான்.

பிடரியில் விரல்கள்.

ஈரமான விரல்கள். நகத்தில் மண். அவசரமில்லாமல் ஒரு முடிச்சு. கழுத்தோரமாய் ஒரு மண்கட்டி உருண்டு மடியில் விழுந்தது. இன்னொரு முடிச்சு.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனாள்.

"மூணாவது முடிச்சு நான் போடணும் ராசா. கைய எடு."

கூரை சொட்டியது.

"எடு ராசா" என்றாள் அத்தை மறுபடியும். இந்தமுறை அவள் குரல் நடுங்கியது.

விரல்கள் விலகவில்லை. பிடரியிலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்து, சின்னம்மையின் தொண்டையை முழுவதுமாகச் சுற்றிக்கொண்டன.